வீதிக்கான நிதிக்கொடையும் முதலீட்டாளரும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து

கொழும்பிலிருந்து வடக்கே வரும் ஏ3 வீதி சிலாபம், முந்தல், மதுரங்குளி ஆகிய ஊர்களைத் தாண்டிப் புத்தளம் நகரைத் தொடுவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்திக்கு வருகிறது. அங்கே மேற்காகப் பிரியும் வீதி உப்பளங்களைக் கடந்து, களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் குடாநாட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடிக் கற்பிட்டியில் முடிகிறது. இவ்விரண்டும் மத்திய அரசின் வீதிகள். 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபை இவற்றைப் பராமரிக்கிறது. இவற்றிலிருந்து ஊர்களுக்குள் இறங்கும் சி, டி வகை வீதிகள் வடமேல் மாகாண சபைக்கு உரியவை. அவற்றிலிருந்தும் பிரிந்து தோட்டத்துக்கும் இறால் பண்ணைக்கும் கடற்கரை வாடிக்கும் போகும் கிரவல் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபையின் பொறுப்பு. தோட்டத்து வாசலில் வெங்காய மூடையை ஏற்றும் லொறி கொழும்பு போய்ச் சேருமுன் மூன்று உரிமையாளரின் வீதிகளில் ஓடுகிறது. ஒவ்வோர் உரிமையாளருக்கும் தனித்தனிப் பணப்பை இருக்கிறது. அந்த மூன்று பைகளையும் பெரும்பாலும் நிரப்புவது கொழும்பிலுள்ள ஒரே திறைசேரி.

இந்த ஏற்பாட்டின் சட்ட அடி 1987இல் இடப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் திகதி சான்றுரைக்கப்பட்ட அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கி, அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது. மாகாணத்துக்குள் உள்ள வீதிகள், பாலங்கள், ஓடத்துறைகள் மாகாண சபை நிரலுக்கு வந்தன. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் அதிலிருந்து விலக்கப்பட்டு மத்தியிடமே நின்றன. குருநாகல், புத்தளம் ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட வடமேல் மாகாணத்துக்கும் ஒரு சபை கிடைத்தது. அதே 1987இல் வந்த 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை அமைத்தது. பொறுப்பு இவ்வாறு கீழே இறங்கியது. அதைத் தாங்கும் வருமானம் அதே அளவில் இறங்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே நிதிக்கொடை வந்தது.

கொடையைப் பரிந்துரைக்கும் பொறுப்பை அரசியலமைப்பின் 154ற உறுப்புரை நிதி ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கிறது. மத்திய வங்கியின் ஆளுநரும் திறைசேரியின் செயலாளரும் பதவிவழி உறுப்பினர்கள். மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் வேறு மூவரும் அதில் இருப்பர். மாகாணத்தின் சனத்தொகை, ஆள்வீத வருமானம், சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை, செல்வம் மிகுந்த மாகாணத்துக்கும் மற்றவற்றுக்குமிடையிலான வருமான இடைவெளியைச் சுருக்கும் தேவை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே பங்கீட்டுக் கோட்பாடுகள் வகுக்கப்பட வேண்டும் என்று அந்த உறுப்புரை சொல்கிறது. இக்கோட்பாடு நியாயமானது. வெட்டுவதற்கு வசதியாக நிற்கும் ஒரு செலவுத் தலைப்பாகக் கொடையை அது கருதவில்லை; பின்தங்கிய கரையோரத்தை முன்னேறிய தலைநகரோடு சேர்க்கும் கருவியாகவே கருதுகிறது.

கொடையில் முக்கியமான வகைகள் மூன்று. முதலாவது தொகுதிக் கொடை. சம்பளமும் அன்றாட நிருவாகச் செலவும் இதில் அடங்கும். மாகாணத்துக்குப் போகும் பணத்தில் மிகப் பெரிய பங்கும் இதுதான். இரண்டாவது பிரமாண அடிப்படைக் கொடை. மாகாணம் தன் விருப்பப்படி சிறு அபிவிருத்தி வேலைகளுக்குச் செலவிடத்தக்க பணம் இது. மூன்றாவது மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்திக் கொடை. பாடசாலை, வைத்தியசாலை, நீர்ப்பாசனம், வீதி என்று துறைவாரியாகத் திட்டமிட்டுப் பெறப்படுவது. மாகாண வீதியின் தார் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையிலிருந்தே வருகிறது. அதனால் ஆசிரியர் சம்பளம் தப்பாமல் வரும் வருடத்திலும் வீதி வேலை நின்றுபோகலாம். நெருக்கடி வரும்போது முதலில் குறைவது மூலதனச் செலவே.

மாகாணத்தின் சொந்த வருமானம் இதற்கு ஈடு கொடுக்கும் நிலையில் இல்லை. மாகாண சபைகள் அறவிட்டு வந்த புரள்வு வரி 2011 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குத் தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியே ஒழிக்கப்பட்டது. இரண்டு முடிவுகளும் கொழும்பில் எடுக்கப்பட்டவை. எஞ்சியவற்றில் வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் முக்கியமானது. ஆனால் லொறி எந்த மாகாணத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்த மாகாணத்துக்கே அக்கட்டணம் போகிறது. மேல் மாகாணத்தில் பதிவான லொறி நுரைச்சோலை மணல் வீதியில் பாரத்தோடு ஓடி அதைக் குழியாக்கினாலும் அதன் கட்டணம் வடமேல் மாகாணத்துக்கு வராது. வீதியைத் தேய்ப்பவரும் வீதிக்குப் பணம் தருபவரும் ஒருவராக இல்லாத இடத்தில் மத்தியின் கொடை உதவியாக அல்ல, நியாயமாகக் கிடைக்க வேண்டிய பங்காகவே கருதப்பட வேண்டும்.

கொடை ஒரு வருடத்துக்குள் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் முதலீட்டாளரின் கவலை விளங்கும். நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஒதுக்கீடு அறிவிக்கப்படுகிறது. திட்டப் பட்டியல் அங்கீகாரத்துக்குப் போகிறது, மதிப்பீடு தயாராகிறது, கேள்விப்பத்திரம் கோரப்படுகிறது, ஒப்பந்தம் கைச்சாத்தாகிறது. இதற்குள் வருடத்தின் பாதி கழிந்துவிடும். ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு. திறைசேரி கட்டுநிதியைத் தவணை தவணையாகத்தான் அனுப்பும். ஒப்பந்தகாரர் இயந்திரத்தை இறக்கும்போது ஒக்டோபர் வந்துவிடுகிறது. புத்தளத்தின் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான காலத்தில்தான் கொட்டும். ஈர நிலத்தில் அடித்தளம் இறுகாது, தார் பிடிக்காது. காத்திருக்கவும் வழியில்லை, செலவிடப்படாத ஒதுக்கீடு டிசம்பர் 31ஆம் திகதி காலாவதியாகிவிடும். ஆகவே மழைக்கு நடுவே வேலை ஓட்டமாக முடிக்கப்படுகிறது. அடுத்த மழைக்கு ஓரம் உடைகிறது, மதகுக்கு அருகில் பள்ளம் விழுகிறது. பணத்தின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று மோதுவதன் விலை இது.

முதலீட்டாளர் என்ற சொல் இந்தக் கரையில் ஒரே வகையினரைக் குறிக்காது. முதல் வகையினர் தம் பாதையைத் தாமே கொண்டுவரும் வல்லமை உள்ளவர்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளுடன் 900 மெகாவாட் திறனுள்ள இந்நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் 2014இல் சேர்ந்தன. அதற்கு வேண்டிய நிலக்கரி வீதியால் வருவதில்லை. கப்பல் ஆழ்கடலில் நிற்க, தெப்பப் படகுகளில் இறக்கப்பட்டு இறங்குதுறைக்கு வருகிறது. தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்குத் தேவையான நிலக்கரி முன்கூட்டியே குவிக்கப்படுகிறது. பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அறுவைக்காட்டிலிருந்து சுண்ணாம்புக்கல் ரயிலில் வருகிறது. மாம்புரிப் பக்கம் காற்றாலை நிறுவ வந்தவர்களுக்குப் பெரும் பாரம் ஏற்ற வீதி தேவைப்பட்டது ஒருமுறைதான். தூணும் விசிறியும் நிறுவப்பட்ட பின் உற்பத்தியாகும் மின்சாரம் கம்பியிலேயே போய்விடுகிறது. இத்தகைய முதலீட்டாளர் மாகாண வீதிக் கொடை குறைந்ததைப் பற்றி அதிகம் வருந்த வேண்டியதில்லை.

இரண்டாம் வகையினருக்கு அந்த வல்லமை இல்லை. இறால் பண்ணையாளர், உப்பளக்காரர், சின்ன வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் தோட்டக்காரர், நாலைந்து அறைகள் கட்டி விடுதி நடத்துபவர், மீன் வாடி முதலாளி ஆகியோர் இவ்வகையில் அடங்குவர். முந்தல் களப்பையும் டச்சுக் கால்வாயையும் ஒட்டிய இறால் பண்ணையொன்றில் அறுவடை இரவில் நடக்கிறது. மடை திறந்து குளத்து நீரை வடிக்கிறார்கள். வலையில் விழும் இறாலை ஐஸ் நீரில் முக்கி, பருமன் பார்த்துப் பிரித்து, ரெஜிபோம் பெட்டிகளில் ஒரு படை ஐஸ், ஒரு படை இறால் என்று அடுக்குகிறார்கள். விடியுமுன் சிறு லொறி புறப்படுகிறது. பண்ணையிலிருந்து ஏ3 வரை இருக்கும் சில கிலோமீட்டர் கிரவல் வீதி மழைக்குப் பின் சேறாகிக் கிடந்தால் லொறி நடை வேகத்தில்தான் போகும். ஒவ்வொரு குழியிலும் பெட்டி குலுங்குகிறது, ஐஸ் உருகி மூலையால் வடிகிறது. வாங்குபவர் பெட்டியைத் திறந்து, ஓடு இளகிய இறாலை ஒதுக்கிவைத்து விலை குறைக்கிறார். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் இக்கரையின் இறால் பண்ணைகளைச் சீரழித்த பின்னர், நோய்க்குப் பயந்தே ஒவ்வொரு பருவத்தையும் எண்ணித் தொடங்கும் பண்ணையாளருக்கு வீதியும் இரண்டாவது சூதாட்டமாகிவிடுகிறது.

தோட்டக்காரரின் கணக்கும் இத்தகையதே. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல்நிலத்தில் கிணற்றுநீர் இறைத்து விளைவிக்கப்படும் மரக்கறி நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது. மாகாண வீதி கெட்டிருந்தால் லொறிக்காரர் கூலியைக் கூட்டுவார், அல்லது வர மறுப்பார். அப்போது தோட்டத்து வாசலில் நிற்கும் ஒரே வியாபாரி சொல்வதுதான் விலை. வீதி நல்லதானால் இரண்டாவது வியாபாரி வருவார். விலை பேச இடம் பிறக்கும். வீதிக் கொடை சிறு முதலீட்டாளருக்குத் தரும் முதற்பயன் இதுவே. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்குடாநாட்டில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களில் பலர் கூலி வேலையிலிருந்து தொடங்கிச் சிறு தோட்டம், சிறு கடை என்று எழுந்தவர்கள். அவர்களின் சேமிப்பும் உழைப்பும் எந்த வெளிநாட்டு முதலீட்டுக்கும் குறைந்த மதிப்புடையவை அல்ல.

மூன்றாம் வகை முதலீட்டாளர் வீதியைப் போடும் ஒப்பந்தகாரரே. அவர் இயந்திரத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார், வங்கியில் மேலதிகப் பற்று வாங்கித் தாரும் கல்லும் கொள்வனவு செய்கிறார், வேலை முடித்துப் பட்டியல் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருக்கிறார். கொடை விடுவிப்பு தாமதித்தால் வட்டி அவர் தலையில் ஏறும். 2022இல் இது உச்சத்துக்குப் போனது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவானது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை அரசு இடைநிறுத்தியதும் வெளிநாட்டுக் கடனில் நடந்த வீதி வேலைகள் பல நின்றன. பழைய விலைக்கு ஒப்பந்தம் எழுதியவர்கள் புதிய விலைக்குத் தார் வாங்க வேண்டியவர்களானார்கள். முடித்த வேலைக்கான பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. தப்பிப் பிழைத்தவர்கள் அடுத்த கேள்விப்பத்திரத்தில் தாமதத்துக்கான செலவையும் சேர்த்தே விலை குறிக்கிறார்கள். நம்பிக்கை குறைந்த கொடையால் அதே பணத்துக்குக் குறைந்த தூர வீதியே கிடைக்கிறது.

கொடையை விட்டு விலகிய வழியொன்றும் இக்காலத்தில் வளர்ந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2014இல் அங்கீகரித்த 80 கோடி டொலர் வீதி முதலீட்டுத் திட்டம் வடமேல் உள்ளிட்ட மாகாணங்களின் கிராமிய வீதிகளைப் பிரதான வீதிகளோடு இணைக்க முற்பட்டது. வீதியைப் போடுபவரே சில ஆண்டுகள் அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. இது நல்ல பாடம். ஆயினும் கடன் பெற்றதும் மத்தி, நடைமுறைப்படுத்தியதும் மத்தியின் அதிகார சபை. பராமரிப்புக் காலம் முடிந்ததும் வீதி மாகாணத்திடமும் பிரதேச சபையிடமும் திரும்புகிறது. அதைப் பேணும் பணம் கூடவே திரும்புவதில்லை.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்பது ஒப்பிடத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலங்களுக்கான வீதி நிதியுதவி 1916ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை மத்தி ஏற்க வழிசெய்து, எரிபொருள் வரியை அதற்கென்றே ஒதுக்கும் நெடுஞ்சாலை நம்பிக்கை நிதியத்தையும் உருவாக்கியது. பல ஆண்டுகளுக்கான தொகை ஒரே சட்டத்தில் முன்கூட்டியே உறுதியாகிறது. 2021 நவம்பரில் வந்த உட்கட்டமைப்புச் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கானது. இந்த உறுதியை நம்பி மாநிலங்கள் எதிர்காலக் கொடையையே ஈடாகக் காட்டிக் கடன்பத்திரம் வெளியிடுகின்றன. ஓய்வூதிய நிதியங்களும் சேமிப்பாளரும் அவற்றை வாங்குகிறார்கள். அங்கும் உறுதி குலைந்த நேரம் உண்டு. கலன் ஒன்றுக்கு 18.4 சதமான பெற்றோல் வரி 1993க்குப் பின் உயரவில்லை. 2014 கோடையில் நிதியம் வற்றும் நிலைக்கு வந்து, மாநிலங்களுக்கான கொடுப்பனவு மெதுவாகும் என்று மத்தி எச்சரித்தது. வேலைகளைத் தள்ளிப்போட மாநிலங்கள் ஆயத்தமாயின. எவ்வளவு பெரிய செல்வ நாட்டிலும் கொடையின் உறுதியில் சந்தேகம் வந்த அன்றே முதலீடு தயங்கத் தொடங்கும் என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் 2000 டிசம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் முதலில் முழுவதும் மத்தியின் பணத்தில் நடந்தது. 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதத்தைத் தாமே போடுகின்றன. சாலை போட்ட ஒப்பந்தகாரர் ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும். மாநிலமும் பங்கு போடுவதால் எந்தச் சாலை முதலில் என்ற கேள்வியில் அதற்கும் சொந்த அக்கறை பிறக்கிறது. இலங்கையில் மாகாண சபை கடன் வாங்குவது பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் மட்டுமே முடியும். எரிபொருள் வரி பொதுவான திரட்டு நிதிக்குள் கலந்துவிடுகிறது. அமெரிக்கக் கடன்பத்திரம் போன்ற ஒன்று இங்கே பிறக்க வழியில்லை. ஆகவே இங்கு கொடையின் தாக்கம் கடன்பத்திரச் சந்தையில் தெரிவதில்லை. அது காணி விலையில், லொறிக் கூலியில், கட்டி முடிக்காமல் நிற்கும் விடுதிச் சுவரில் தெரிகிறது.

கற்பிட்டியின் சுற்றுலா வரலாறு இதை நன்கு விளக்கும். உள்நாட்டுப் போர் முடியும் காலத்தை ஒட்டி, 14 தீவுகளையும் கரையோர நிலத்தையும் உள்ளடக்கிய பெரும் உல்லாசத் திட்டமொன்று அரசால் முன்வைக்கப்பட்டது. மீனவர் தம் வாடியும் இறங்குதுறையும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். அத்திட்டம் வரைபடத்தில் கண்ட வடிவில் எழவில்லை. உண்மையில் வளர்ந்தது வேறு: ஆலங்குடாவில் ஓங்கில் பார்க்க வருவோருக்கும், கற்பிட்டிக் களப்பில் பட்டம் பூட்டிய பலகையில் நீர்மேல் சறுக்க வருவோருக்கும் எழுந்த சிறு விடுதிகள். 2013 ஒக்டோபர் 27ஆம் திகதி திறக்கப்பட்ட 25.8 கிலோமீட்டர் கட்டுநாயக்க அதிவேகப் பாதை கொழும்பின் நெரிசலைத் தவிர்த்தது. விருந்தினர் பாலாவிச் சந்தி வரையும் அதற்கப்பால் கற்பிட்டி வரையும் மத்தியின் வீதியில் நன்றாகவே வருகிறார். கடைசி இரண்டு கிலோமீட்டர் மணல் ஒழுங்கையில் வாகனச் சில்லு புதைகிறது. அந்த ஒழுங்கை பிரதேச சபையினுடையது.

வீதி சீரானதும் காணி கைமாறுகிறது. காணி உறுதிக்கான முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் ஆகும். மாகாணம் அறவிடும் இத்தொகை காணி அமைந்த உள்ளூராட்சி சபைக்குச் செல்ல வேண்டியது. மத்தி போட்ட பணம் வீதியாகி, வீதி காணி விலையாகி, அதில் ஒரு பகுதி பிரதேச சபைக்குத் திரும்பும் சுழற்சி இது. ஆனால் விலை உயர்வு எல்லோருக்கும் நன்மையல்ல. உறுதிப்பத்திரம் இல்லாமல் தலைமுறையாகக் கரைவலை இழுக்கும் குடும்பத்துக்கு, வேலி போட்ட விடுதி கடலுக்கான வழியை அடைத்துவிடும். வீதிக் கொடையோடு கடற்கரைப் பொதுவழியையும் அளந்து பதிவு செய்வது முதலீட்டுக்கு எதிரானதல்ல. வழக்கில்லாத காணியே முதலீட்டாளருக்கும் பாதுகாப்பானது. எழுவன்குளம் ஊடாக வில்பத்து வழியே மன்னாருக்குப் போகும் பழைய வீதி 2010இல் மீண்டும் திறக்கப்பட்டபோது சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அதே வீதியில் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலம் மழைக்காலத்தில் மூழ்கிப் போக்குவரத்து நிற்பதும் உண்டு. சட்டத்தின் தடையும் வெள்ளத்தின் தடையும் சேர்ந்த பாதையை நம்பி எவரும் பெரும் பணம் போடுவதில்லை.

பராமரிப்பே இந்த விடயத்தின் மிகப் பலவீனமான கண்ணி. புது வீதிக்குத் திறப்பு விழா உண்டு. வடிகாலைத் தூர்வாருவதற்கு விழா இல்லை. நீர் ஓடாத வடிகாலே வீதியைக் கொல்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் தாக்கியபோது, மதகும் வடிகாலும் வீதியின் ஓரத்து அலங்காரமல்ல, அதன் உயிர் என்பது மீண்டும் தெரிந்தது.

செய்யத்தக்கவை எட்டாத் தொலைவில் இல்லை. மாகாண வீதிக் கொடையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருசேர அறிவிப்பதும், தொடங்கிய வேலையின் மிகுதிப் பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதிப்பதும் முதலாவது. அதனால் புத்தளத்தில் தார் வேலையை மழைக்கு முந்திய வறண்ட மாதங்களில் முடிக்கலாம். ஒவ்வொரு வீதி ஒப்பந்தத்திலும் சில ஆண்டுப் பராமரிப்பைச் சேர்த்து, அதற்கான தொகையைக் கொடையிலேயே ஒதுக்குவது இரண்டாவது. ஏ3இலிருந்து பண்ணை வாசல் வரை உள்ள மூன்று உரிமையாளரின் துண்டுகளையும் ஒரே பாதையாகக் கருதித் திட்டமிடுவது மூன்றாவது. வடமேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்த பின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றி ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்துவந்திருக்கிறது. எந்த வீதி முதலில் என்று கேட்கத் தம் ஊரின் பிரதிநிதி மாகாணத்தில் இருப்பது நான்காவது. கொடையின் அளவு உயராவிட்டாலும் அதன் காலமும் வரிசையும் உறுதியானால், கடன் வாங்கிப் பண்ணையோ விடுதியோ தொடங்க நினைக்கும் ஒருவர் எந்த ஆண்டில் தன் வாசலுக்கு வீதி வரும் என்று அறிந்து கணக்குப் போட முடியும்.